நட்சத்திரம் கொடுத்த விளையாட்டு, கழித்தல் கற்றுத்தரவில்லை

இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக, கணக்கையும் தமிழையும் விளையாட்டாகவே கற்றுத்தருவதாக விளம்பரம் செய்த ஒரு கணினி விளையாட்டில் சென்ற ஏப்ரலில் சேர்ந்தேன். முதல் ஏழு நாள் இலவசம் என்றார்கள். எட்டாம் நாள் ஓராண்டுச் சந்தாவாக 4,799 ரூபாய் என் கணக்கிலிருந்து தானாகவே போய்விட்டது. முந்தைய நாளே குறுஞ்செய்தி வந்திருக்கிறது. கவனிக்காதது என் பிழை. கட்டியது கட்டியாயிற்று, பிள்ளை படித்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

வாரந்தோறும் வந்த அறிக்கையில் கழித்தலில் அவளுக்கு 96 விழுக்காடு. ஒருநாள் தாளில் 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னேன். 35 என்று எழுதினாள். 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழைதான். பத்துக் குச்சிகளைக் கட்டி, கட்டை அவிழ்த்துக் காட்டினால் கடன் வாங்குவது புரிந்துவிடும். அப்படியானால் அந்த 96 எங்கிருந்து வந்தது என்று நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். கேள்விக்கு நான்கு விடைகள். தவறானதைத் தொட்டால் அது மறையும், மதிப்பெண் குறையாது, ஏன் தவறு என்ற விளக்கமும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்காவது தடவையில் நட்சத்திரம் நிச்சயம். தமிழ்ப் பகுதியில் வாழைப் படத்தைத் தொட்டால் 'வாலை' என்று ஒலித்தது. அதைக் கண்டுபிடித்தவள் என் மகள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் டக்ஸ்மேத் என்ற கட்டணமில்லாத கணக்கு விளையாட்டை நிறுவினேன். பார்வைக்குப் பழையதுதான், ஆனால் கணக்கைச் சுமந்து விழும் வால்மீனை வீழ்த்த விடையைத் தட்டச்சு செய்தே ஆக வேண்டும், தேர்ந்தெடுக்க விடைகள் இல்லை. 2000-ஆம் ஆண்டிலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ஜிகாம்ப்ரி என்ற சிறுவர் கல்வி மென்பொருளும் இலவசம். இரண்டு முதல் பத்து வயதுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் அதில் உள்ளன, விளம்பரம் ஒன்றும் இல்லை. பளபளப்பில் நான் காசு கொடுத்து வாங்கியதுதான் முதலிடம் பெறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, இலவசக் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். கல்விச் செயலிகளுக்குக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைத் தவிர்க்குமாறு ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோரை எச்சரித்திருந்ததை அதன் பிறகுதான் படித்தேன். பணம் கட்டுமுன், வேண்டுமென்றே பத்துக் கேள்விகளுக்குத் தவறாக விடையளித்துப் பாருங்கள். அப்போது விளையாட்டு என்ன செய்கிறது என்பதை வைத்தே அதை எடைபோட்டுவிடலாம். இலவசக் காலத்துக்காகத் தானியங்கிக் கட்டண அனுமதி கொடுத்திருந்தால், யூபிஐ செயலிக்குள் சென்று அன்றைக்கே அதை ரத்து செய்யுங்கள். விளையாட்டைக் கணினியிலிருந்து நீக்குவதால் அந்த அனுமதி நீங்காது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். புகார் எண் வந்துவிட்டது. பணம் இன்னும் வரவில்லை.