வாளி வைத்து நீரை அளக்காதவரிடம் புல்தரை வேலையைக் கொடுக்காதீர்கள்

கோவையில் எங்கள் வீட்டு முன்புறம் 3 சென்ட் புல்தரை. அதற்குத் தானியங்கித் தெளிப்பான்கள் வைக்க ஒருவரை அமர்த்தினேன். 92,000 ரூபாய். நான்கே மாதத்தில் பாதிப் புல் கருகிவிட்டது; மீதியில் நீர் தேங்கி வேர் அழுகுகிறது. இதே வேலைக்கு ஆள் தேடுபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வந்த அன்றே கைபேசியில் இயக்கும் டைமர், மழை பெய்தால் தானே நிறுத்தும் சென்சார் என்று அரை மணி நேரம் பேசினார். "ஒரு சாண் இடம்கூடக் காயாது சார், நான் பொறுப்பு" என்றார். எனக்கும் அந்த ஆசைதான் இருந்தது. மதிலோரம் 2 அடி அகலத்தில் ஓடும் துண்டுக்கும் தெளிப்பான் கேட்டேன், மறுக்காமல் வைத்தார். ஆனால் எங்கள் வீட்டுக் குழாயை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

எங்கள் மேல்நிலைத் தொட்டி 7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். தரையிலிருந்து எழும்பும் சாதாரணத் தெளிப்பானுக்கே சுமார் 2 பார் வேண்டும். தூரம் வீசும் சுழல் வகைக்கு 3 பார். அழுத்தம் போதாததால் தெளிப்பான் தலைகள் முழுதாக எழும்பாமல் அடியிலேயே கசிந்து குட்டை கட்டுகின்றன.

பிறகு வந்த பிளம்பர் முதலில் கேட்டது 20 லிட்டர் வாளி. அது நிரம்ப ஒரு நிமிடம் ஆனது. 15 அடிக்கு அரைவட்டமாகத் தெளிக்கும் ஒரு தலைக்கே நிமிடத்துக்குச் சுமார் 7 லிட்டர் தேவை. அப்படியானால் ஒரு நேரத்தில் மூன்று தலைகள்கூடச் சரியாக ஓடாது. தெளிப்பான் வைத்த அந்த மனிதர் ஒரே வால்வில் ஒன்பதை மாட்டியிருந்தார்! அதிலும் இரண்டு சுழல் வகை. ஒரே அளவு நேரத்தில் சாதாரண வகை கொட்டும் நீரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அவை தரும். எத்தனை நிமிடம் ஓடவிட்டாலும் ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் சருகு.

அவரைக் கேட்டபோது, உங்கள் வீட்டில் தண்ணீர் வேகம் இல்லை என்றார். அதைத் தோண்டுவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டாமா? இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. பில்லில் "தெளிப்பான் வேலை முழுவதும்" என்ற ஒரு வரிதான் இருக்கிறது. அதை வைத்து எதையும் கேட்க முடியவில்லை. அளந்த அழுத்தம், நிமிடத்துக்கு வரும் நீர், ஒவ்வொரு வால்விலும் எத்தனை தலைகள் என்பதை எழுதி வாங்கிய பிறகே மண்வெட்டியை இறக்கவிடுங்கள்.

அழுத்தம் கூட்டும் மோட்டாருடன் நான்கு வால்வுகளாகப் பிரித்து, சுழல் வகையைத் தனி வால்வில் வைக்க அந்தப் பிளம்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மதிலோரத் துண்டுக்குத் தெளிப்பானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு ரப்பர் குழாயைப் பிடித்தால் 5 நிமிட வேலை.