பிஎன்ஆர் வேற, டிக்கெட் வேற: மார்த்தாண்டத்துல 33,600 ரூவா குடுத்து நாங்க படிச்ச பாடம்

கல்ஃபுல இருந்து லீவுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறவங்க, அவங்களுக்கு இங்க இருந்து டிக்கெட் போட்டுக் குடுக்குறவங்க, கொஞ்சம் பொறுமையா வாசிங்க. கடை பேரு போடல, அதுக்குப் பெறவு வர்ற வம்புக்கு நமக்கு நேரம் இல்ல. மார்த்தாண்டத்துல ஒரு டிராவல்ஸ், அவ்வளவுதான்.

எங்க அண்ணன், மைனி, பாப்பா மூணு பேரும் மஸ்கட்ல இருக்காங்க. கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வர்ற டிக்கெட்ட அண்ணன் அங்கயே போட்டுட்டான். ஜனவரி 3 திரும்பிப் போற டிக்கெட் மட்டும் "நீ அங்க விசாரிச்சுப் போடு மக்கா, நம்ம ஆளுகிட்ட கொறவா கெடைக்கும்"னு என்கிட்ட சொன்னான். அக்டோபர்ல போய்க் கேட்டேன். ஆளு நல்ல பேச்சுக்காரன், கோயில் பெருநாளுக்கு வாழ்த்து போர்டு வைக்கிற ஆளு. திருவனந்தபுரம்–மஸ்கட் ஒரு ஆளுக்கு 11,200 சொன்னான், மூணுக்கு 33,600. இருபதாயிரம் ஜிபே பண்ணுனேன், மீதி 13,600 கையில குடுத்தேன். "ரசீது எதுக்குத் தம்பி, டிக்கெட்டே தாரம்லா"ன்னு ஒரு பிரிண்ட் எடுத்துத் தந்தான். மூணு பேர் பேரு, தேதி, ஃப்ளைட் நம்பர், 6 எழுத்து பிஎன்ஆர் (புக்கிங் நம்பர்), பக்கத்துல கன்ஃபர்ம்ட்னு எல்லாம் இருந்துச்சு. டிக்கெட் நம்பர்னு இருந்த கட்டம் மட்டும் காலி. அத நான் பாத்தேன், பாத்துட்டும் ஒண்ணும் தோணல, அதான் இப்பவும் வயிறெரியுது.

டிசம்பர் 20, அண்ணன் ஊருக்கு வந்த மறுநாள், பாப்பாவுக்கு ஜன்னல் சீட் வேணும்னு அழுதா, சரி சீட் போடுவோம்னு ஏர்லைன் சைட்ல அந்த பிஎன்ஆர அடிச்சா அப்படி ஒரு புக்கிங்கே இல்லன்னு வருது. ரெண்டு மூணு தடவ அடிச்சுப் பாத்தோம், ஜீரோவா ஓ-வான்னு சந்தேகப்பட்டு அதையும் மாத்தி அடிச்சோம். கடைக்கு ஓடுனா அவன் அசரவே இல்ல. "ஏர்லைன்காரன் கேன்சல் பண்ணிட்டான் தம்பி, நான்-ரிஃபண்டபிள் டிக்கெட், காசு வராது, இப்ப ரேட் ஆளுக்கு 27,900, நீங்க தந்தது போக பாக்கி 50,100 குடுத்தா நானே பேசி வாங்கித் தாரேன்"ங்கான். அவனே பேசி வாங்கித் தருவானாம்!

அண்ணன் அங்க நின்னே ஏர்லைன் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டான். அந்தப் பொண்ணு பொறுமையா சொல்லிச்சு, அந்த புக்கிங் ஹோல்டுல மட்டும்தான் இருந்துச்சு, குடுத்த டைமுக்குள்ள பணம் கட்டல, மூணாவது நாளே சிஸ்டம் தானா தூக்கிருச்சுன்னு. அதாவது அக்டோபர்லயே போச்சு. ரெண்டு மாசம் நாங்க பைபிளுக்குள்ள மடிச்சு வச்சிருந்தது வெறும் பேப்பர்.

அவன் ஏன் அப்படிப் பண்ணுனான்னு பெறவுதான் மனசிலாச்சு. எங்க கிட்ட 11,200 வாங்கிட்டு, ரேட்டு 8,000, 9,000க்கு எறங்கும், அப்ப டிக்கெட் போட்டா மிச்சம் நம்ம பாக்கெட்டுக்குன்னு காத்திருந்திருக்கான். எங்க காசுல சூதாட்டம். ரேட்டு எறங்கல, ஏறிட்டே போச்சு, மாட்டிக்கிட்டான். நேரா ஒத்துக்கிடாம எங்க தலையில கட்டப் பாத்தான்.

கொளச்சல்லயோ தேங்காப்பட்டணத்துலயோ மீன் வாங்குறவங்களுக்குத் தெரியும், நேரம் ஆக ஆக சாளை விலை எறங்கும், வச்சிருந்தா கெட்டுப்போகும்லா. ப்ளேன் சீட்டும் அப்படித்தான, ப்ளேன் கெளம்பிட்டா அது செல்லாக்காசு, அப்ப கடைசியில கொறச்சு விப்பான்னு நம்ம மூளை சொல்லும். அவன் மூளையும் அதத்தான் சொல்லியிருக்கு. ஆனா கடைசி நேரத்துல டிக்கெட் கேட்டு வர்றது யாரு? வீட்டுல சாவு விழுந்தவன், விசா முடியப் போறவன், திங்கக்கெழமை டியூட்டியில நிக்க வேண்டியவன். என்ன விலைன்னாலும் வாங்குவான்னு ஏர்லைனுக்குத் தெரியும். அதனால ஒரே ப்ளேன்ல ஒரே மாதிரி சீட்டயே பல விலைக்குப் பிரிச்சு வச்சிருப்பான், கொறஞ்ச விலையில கொஞ்சம், அதுக்கு மேல கொஞ்சம்னு. கீழ உள்ளது வித்துப்போனா அடுத்த விலை. ஆளு வராத சீசன்னா கீழ் விலைய மறுபடி தொறந்து விடுவான், அப்ப கொறயும், இல்லன்னு சொல்லல. கிறிஸ்மஸ், ஓணம், பள்ளிக்கூட லீவு சமயம் அத நம்பி இருக்காதீங்க.

அம்மை கேட்டா, "பஸ்ஸுக்கு உள்ளதுபோல கவர்மெண்டு ரேட்டு வைக்காதா"ன்னு. பொதுவா வைக்காது. கொரோனா சமயத்துல 2020 மே மாசத்துல இருந்து 2022 ஆகஸ்ட் வரைக்கும் உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு மட்டும் மேல கீழ ஒரு வரம்பு வச்சிருந்தாங்க. கல்ஃபு ரூட்ல இன்னொரு சங்கதி, ஒரு நாட்டுக்காரன் வாரத்துக்கு இத்தன சீட்டுதான் ஓட்டலாம்னு ரெண்டு கவர்மெண்டும் ஒப்பந்தம் போட்டிருக்கும். கூட்டம் கூடுனா உடனே ப்ளேன் கூட்டி விட முடியாது, விலைதான் கூடும்.

இன்னொண்ணு, அன்னைக்கு ராத்திரி உக்காந்து நாங்களே தேடும்போது கண்டுபிடிச்சது. மூணு பேருக்குன்னு போட்டா ஆளுக்கு ஒரு ரேட்டு, ஒரு ஆளுக்குன்னு போட்டா அதவிடக் கொறஞ்ச ரேட்டு. மைனி "நம்ம தேடுறதப் பாத்து ஏத்துறான், வேற போன்ல பாருங்க"ன்னா. அது இல்ல. கொறஞ்ச விலையில ஒரே ஒரு சீட்டு பாக்கி இருந்தா, மூணு கேக்கும்போது மூணையும் மேல் விலையிலதான் காட்டும். குடும்பமா போறவங்க ஒரு தடவ ஒரு ஆளுக்குப் போட்டுப் பாருங்க. பிரிச்சு எடுத்தா பிஎன்ஆர் ரெண்டாகும், ஃப்ளைட் மாத்திவிட்டா தலவலி, அதையும் யோசிச்சுக்கோங்க.

செவ்வாக்கெழம நடுராத்திரி புக் பண்ணுனா கொறவுன்னு ஒருத்தன் அனுப்புன மெசேஜயும் நம்பாதீங்க. புக் பண்ற நாள்ல ஒண்ணும் இல்ல, போற நாள்லதான் விஷயம். ஜனவரி மொத வாரம் இங்க இருந்து கல்ஃபுக்கு எல்லாருக்கும் போகணும், அதே நாள் அங்க இருந்து இங்க வர்றதுக்குப் பாத்தா பாதி விலை கூட இல்ல. இப்ப நாங்க சீசன் டிக்கெட்டுன்னா மூணு நாலு மாசம் முந்தியே கட்டுப்படி ஆகிற ரேட்டு வந்த உடனே எடுத்துருவோம், பெறவு அந்தப் பக்கமே எட்டிப் பாக்கக் கூடாது, பாத்தா மனசு கெடும்.

கடைசியில கொச்சியில இருந்து ஜனவரி 5க்கு 21,300 வச்சு மூணு டிக்கெட் எடுத்தோம், 63,900. குழித்துறையில ரயில் ஏறி ஆலுவாவுல எறங்கி, பாப்பாவத் தூக்கிட்டு, மூணு பெரிய பெட்டி, சிப்ஸ், அம்மை கட்டிக் குடுத்த முந்திரிக்கொத்து எல்லாத்தோடயும் நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்குப் போனது தனிக் கத. அண்ணனுக்கு ரெண்டு நாள் சம்பளமும் போச்சு.

காசுக்கு 1915ல, அதான் கன்சூமர் ஹெல்ப்லைன், புகார் போட்டோம். ஸ்டேஷன்லயும் மனு எழுதிக் குடுத்தோம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்சப் சாட்டும் இருந்ததால 20,000 மூணு தவணையா வந்துச்சு. கையில குடுத்த 13,600க்கு "எப்ப குடுத்தீங்க"ன்னு கேக்கான். ஆமா, கடையில அன்னைக்கு நானும் அவனும் மட்டும்தான.

அவன் சொன்ன நான்-ரிஃபண்டபிள் கதையும் முழுசா உண்மை இல்ல. விமானக் கம்பெனிகளக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவோட ரூல்படி அப்படிப்பட்ட டிக்கெட்டுக்கும் டாக்ஸ், ஏர்போர்ட் யூசர் ஃபீ திரும்பத் தரணும். எங்க கேசுல டிக்கெட்டே இல்ல, அது வேற.

ஏஜென்ட் எல்லாரும் இப்படின்னு சொல்லல, எங்க சித்தப்பா 20 வருசமா ஒரே ஆளுகிட்டதான் எடுக்காரு, ஒரு கொறையும் இல்ல. ஆனா பேப்பர் வாங்குன உடனே, கடையில நின்னே, ஏர்லைனோட சொந்த சைட்ல பிஎன்ஆரும் பேரும் அடிச்சுப் பாருங்க. பெரிய ஏர்லைன்னா 13 இலக்க டிக்கெட் நம்பர் இருக்கணும், மொத 3 நம்பர் அந்தக் கம்பெனிக்குள்ளது, ஏர் இந்தியான்னா 098, எமிரேட்ஸ்னா 176. பட்ஜெட் ஏர்லைன்ல அந்த நம்பர் இல்லாம இருக்கலாம், அங்க பணம் கட்டியாச்சா ஹோல்டான்னு பாக்கணும். ஒரு வாரம் கழிச்சு திரும்பவும் ஒரு தடவ பாருங்க.

இத எழுதணும்னு நாலு மாசமா நெனச்சு சோம்பல்ல விட்டுட்டேன். நேத்து எங்க தெரு அக்கா ஒருத்தங்க, மவன் ஓமன்ல சோஹார்ல வேலைக்குச் சேரப் போறான், "டிக்கெட் எடுத்தாச்சு தம்பி"ன்னு சந்தோசமா ஒரு பேப்பர் காட்டுனாங்க. அதே கடை. டிக்கெட் நம்பர் கட்டம் காலி. போன எடுத்து அடிச்சுப் பாத்தேன், ஹோல்டு, நாளைக்கு மத்தியானம் 12 மணி வரைக்கும்.