புதுக் கிதாரில் கரகரப்பு: திருப்பி அனுப்பவா, திறந்து பார்க்கவா?

புதிதாக வாங்கிய எலக்ட்ரிக் கிதாரில் சத்தம் விட்டுவிட்டு வருகிறது, அல்லது வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்கிறது. வழிகள் நான்கு: திருப்பி அனுப்பலாம், வாரன்டியில் சரிசெய்யக் கொடுக்கலாம், நாமே பற்றவைக்கலாம், உள்வயரிங்கையே மாற்றலாம். எந்த வழியானாலும் முதல் நாளே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். திறந்த தடம் தெரிந்தால் ரிட்டர்ன் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

திறக்காமலே கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். வேறு கேபிள், வேறு ஆம்ப் போட்டுப் பார்த்த பிறகு மல்டிமீட்டரை எடுங்கள். கேபிளின் ஒரு முனையைக் கிதாரில் செருகி, மறுமுனையின் நுனியிலும் உடற்பகுதியிலும் முள்களை வைத்து, வால்யூமை முழுதாகத் திறந்து ஓம் அளவு பாருங்கள். பிக்அப் என்பது கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்; ஒற்றைச் சுருள் உள்ளது சிங்கிள் காயில். மூன்று சிங்கிள் காயில் கொண்ட ஸ்ட்ராட் வகையில், தனி பிக்அப்புக்கு 5 முதல் 8 கிலோ ஓம் காட்ட வேண்டும். பிக்அப்பைத் தேர்வு செய்யும் ஐந்து நிலை ஸ்விட்சில், இரண்டு சேர்ந்து ஒலிக்கும் 2, 4 நிலைகளில் அதில் ஏறக்குறையப் பாதி. எந்த நிலையிலும் அளவே வரவில்லையா? கேபிள் செருகும் ஜாக்கிலோ அதற்குப் போகும் வயரிலோ அறுப்பு. எப்போதும் பூஜ்யமா? எங்கோ ஷார்ட். ஒரு நிலையில் மட்டும் 250 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால், மீட்டர் பார்ப்பது பிக்அப்பை அல்ல, வால்யூம் பாட்டை (pot, குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை). அந்தப் பிக்அப்போ அதன் வயரோ ஸ்விட்ச் முனையோ தொடர்பில் இல்லை. அளவெடுக்கும்போது ஜாக் முனையை ஆட்டிப் பாருங்கள். எண் தாவினால் குற்றவாளி ஜாக்தான்.

இரைச்சலுக்கு மீட்டரே வேண்டாம். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரி. சிங்கிள் காயிலில் மிச்சமிருக்கும் 50 ஹெர்ட்ஸ் முனகல் அதன் பிறவிக் குணம், அதற்காகக் கடைக்காரரோடு சண்டை வேண்டாம். தொட்டும் மாற்றமே இல்லையென்றால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கலாம். தொட்டால் கூடினால், ஜாக்கில் இரு வயர்களும் இடம் மாறியிருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

இப்போது முடிவெடுக்கலாம். திருப்பி அனுப்புவது பாதுகாப்பான வழிதான், ஆனால் எப்போதும் சிறந்த வழியல்ல. மலிவு விலைக் கிதாரில் நேரான கழுத்தும் ஒழுங்கான ஃப்ரெட்டும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) அமைவது அதிர்ஷ்டம். வயரிங்கை அதிகச் செலவில்லாமல் சரிசெய்யலாம். முறுகிய கழுத்தை முடியாது. கழுத்து நன்றாக இருந்து கோளாறு ஜாக்கில் என்றால் வைத்துக்கொள்வதே லாபம். ஃப்ரெட்டும் சரியில்லை, பிக்அப்பும் செத்திருக்கிறது என்றால் யோசிக்காமல் அனுப்பிவிடுங்கள். இந்தியாவில் ஆன்லைனில் வாங்கியிருந்தால், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. மழுப்பினால் நுகர்வோர் உதவி எண் 1915. கோளாறு கேட்கும்படி வீடியோ ஒன்று எடுத்து வையுங்கள்.

பிக்அப் செத்திருந்தால் வாரன்டி பொருந்தும். அறுந்த காயிலை வீட்டில் சுற்ற முடியாது. தளர்ந்த ஜாக்குக்காகக் கிதாரை வாரக்கணக்கில் கடையில் விட்டுவைப்பது வீண்.

நாமே செய்வது ரிட்டர்ன் நாள் கடந்த பிறகு, அல்லது கடைக்காரர் எழுத்தில் சம்மதித்த பிறகு. புதுக் கிதாரில் அடிக்கடி பார்க்கும் கதை இது: ஜாக்கின் நட் தளர்கிறது, வெளியிலிருந்து நட்டை மட்டும் திருகுகிறோம், உள்ளே ஜாக் முழுதும் சுழன்று வயர் முறுக்கி அறுகிறது. ஸ்ட்ராட்டில் ஜாக் தகட்டுக்கு இரண்டே ஸ்க்ரூ. கழற்றி, ஜாக்கை உள்ளே பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். பிளக்கின் நுனியைத் தொடும் நீண்ட நாக்கு தளர்ந்திருந்தால் லேசாக உள்நோக்கி வளையுங்கள். சிக்னல் வயர் அந்த நாக்குக்கு, எர்த் நடு வளையத்துக்கு.

பற்றவைக்க 0.8 மி.மீ. ரோசின் ஈயமும் 40 முதல் 60 வாட் அயர்னும் வேண்டும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் இரண்டும் கிடைக்கும். 25 வாட் அயர்ன் ஜாக்குக்குப் போதும். பாட்டின் முதுகில் எர்த் வைக்கத் திணறும், ஏனென்றால் அந்தத் தகரம் சூட்டை இழுத்துக்கொள்ளும். விளைவு, ஈயம் மங்கலாக உருண்டு நிற்கும் டிரை சோல்டர். ஒரு மாதத்தில் மறுபடி அதே கோளாறு.

கரகரக்கும் பாட்டுக்கு காண்டாக்ட் கிளீனர். பின்பக்கக் கால்களுக்கு அருகே உள்ள இடுக்கில் ஒரு நொடி அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 20, 30 முறை திருகுங்கள். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 இதற்கு ஆகாது. எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியைச் சேர்க்கும்.

மொத்த வயரிங்கை மாற்றுவது பெரும்பாலும் அவசரச் செலவு. ஸ்விட்சும் பாட்டும் ஒன்றாகச் சொதப்பினால் மட்டும் யோசிக்கலாம், அதுவும் அளவெடுத்த பிறகு. மலிவுக் கிதார்களில் இருக்கும் சின்ன பாட்டுக்கான துளை 7, 8 மி.மீ.தான், மாற்றாக வாங்கும் சிடிஎஸ் (CTS) நிறுவனப் பாட்டுக்கு 9.5 மி.மீ. வேண்டும், பிக்கார்டை (குமிழ்களும் பிக்அப்புகளும் பொருத்திய முன்பக்கத் தகடு) ராவ நேரும். பல்வரிசையும் வேறு என்பதால் பழைய குமிழ் சரியாகப் பொருந்தாது. பெட்டி வகை ஸ்விட்சில் கால்கள் ஒரே வரிசையில் இருக்கும். திறந்த வகையில் இரு பக்கமும் பிரிந்திருக்கும், பழைய வயர் வரிசையை அப்படியே நகலெடுக்க முடியாது. அது உயரமும் கூட. குழியின் ஆழத்தை அளக்காமல் வாங்கினால் பிக்கார்டு உட்காராது.