நெடுந்தீவா, புறாத்தீவா?

கல்யாணமாகி முதல் பயணம், மட்டக்களப்பிலிருந்து எந்தத் தீவுக்குப் போகலாம் என்று தம்பி கேட்டான். நானும் மனைவியும் இரண்டுக்கும் போயிருக்கிறோம்.

தூரம்: புறாத்தீவுக்கு விடிய வெளிக்கிட்டு, திருகோணமலை தாண்டி நிலாவெளியில் வள்ளம் ஏறினால் இரவுக்கு வீடு. நெடுந்தீவுக்கு யாழ்ப்பாணத்தில் ஓர் இரவாவது தங்க வேண்டும்.

கடல்: புறாத்தீவு கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர்தான். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் சுமார் ஒரு மணிநேரம், மூட்டை முடிச்சு, சனம், டீசல் மணம் எல்லாவற்றோடும். சோளகக் காற்றுக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் படகு ஆடுகிற ஆட்டத்தில் மனைவி என் கையை விடவேயில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

செலவு: புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அதனால் நுழைவுச்சீட்டு, வள்ளக் கூலி இரண்டும் உண்டு. நெடுந்தீவில் படகு மலிவு, ஆனால் சுற்றிப் பார்க்க ஓட்டோ பிடிக்க வேண்டும்.

பார்க்க: புறாத்தீவில் பவளப்பாறையும் மீனும், முகமூடி போட்டு நீந்தத் தெரிந்தால்தான் ருசி. நெடுந்தீவில் முருகைக்கல் (பவளக்கல்) வேலிகள், மட்டக்குதிரைகள், பெருக்கமரம் (பாவோபாப்), இடிந்த கோட்டை, அப்புறம் ஆளில்லாத ரோடு.

வாடைக்காற்றில் கிழக்குக் கடல் குழம்பும், மார்கழியில் புறாத்தீவை மறந்துவிடுங்கள். ஒரு நாள்தான் லீவு, நீந்த ஆசை என்றால் புறாத்தீவு. மூன்று நாள் கிடைத்து, இருவரும் பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்றால் நெடுந்தீவு, திரும்பும் படகு நேரத்தை மட்டும் இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.