வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தார்கள். 2,850 ரூபாய் போனது

நேற்று மாலை மருத்துவர் அம்மாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை ஓரமாகத் தள்ளி வைத்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. போனது 2,850 ரூபாய் மட்டுமல்ல. என் அம்மா நான்கு நாட்கள் வீணாக வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்கு ஆறு ஆண்டுகளாக முடக்குவாதம். மருந்தின் அளவைக் கூட்டுவதா என்று முடிவு செய்ய, மருத்துவர் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டே ரத்தப் பரிசோதனைகளைத்தான் எழுதியிருந்தார்; உடலில் அழற்சி கூடினால் இந்த இரண்டு எண்களும் பொதுவாக உயரும். அம்மாவால் படி இறங்க முடியாததால், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். இரண்டை மட்டும் தனியாகச் செய்ய வழியில்லை என்று சொல்லி, 2,850 ரூபாய்க்கு ‘மூட்டுவலிப் பேக்கேஜ்’ ஒன்றைத் தலையில் கட்டினார்கள்.

காலை 6.40 மணிக்கு வந்த இளைஞர் அம்மாவின் கண் முன்னாலேயே புதிய ஊசியைப் பிரித்தார். ரத்தம் நிற்கும்வரை பஞ்சைத் தானே அழுத்திப் பிடித்திருந்தார். பையில் ஐஸ் பேக் இல்லையே என்று கேட்டபோது, “ஒரு மணி நேரத்துல லேபுக்குப் போயிடும் சார்” என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தார். நான் நம்பிவிட்டேன்.

அறிக்கையில் இ.எஸ்.ஆர். 18, சி.ஆர்.பி. 4.1, இயல்பளவு 5-க்குக் கீழ் என்றிருந்தது. “எல்லாம் நார்மல்தாம்மா, கொஞ்சம் நடந்து பாருங்க” என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

வீங்கிய மணிக்கட்டைத் தொட்டதுமே மருத்துவர் அந்த எண்களை நம்பவில்லை. மருத்துவமனையில் மறுபடி எடுத்ததில் இ.எஸ்.ஆர். 64, சி.ஆர்.பி. லிட்டருக்கு 43 மில்லிகிராம். டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கில் வந்த 4.1-ஐ அலகே போடாமல், லிட்டர் கணக்கிலான இயல்பளவுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள் என்பது அவருடைய கணிப்பு; லிட்டர் கணக்கில் அது உண்மையில் 41. இ.எஸ்.ஆர். பரிசோதனையை, சாதாரண வெப்பத்தில் வைத்த ரத்தமென்றால், நான்கு மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டுமாம்; நேரம் கடந்தால் அளவு குறைத்துக் காட்டும். அறிக்கையின் மூலையில் பரிசோதித்த நேரம் மாலை 5.30 என்று பொடி எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

செயலிக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். முதல் அழைப்பில், “டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க” என்றார்கள். இரண்டாவதில், புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரம் பொறுங்கள் என்றார்கள். மூன்றாவதில், பாதிக் கட்டணம் கட்டினால் மீண்டும் ரத்தம் எடுப்பதாகச் சொன்னார்கள். 2,850 ரூபாயைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை. இப்போது அழைப்பை எடுப்பதும் இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இருக்கிறதா பாருங்கள். ரத்தம் எடுத்த நேரத்தையும் பரிசோதித்த நேரத்தையும் ஒப்பிடுங்கள். மருத்துவர் எழுதாத பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரமாகிவிட்டது.