சூலியா தெருப் பக்கம் ஓர் இசைத்தட்டுக் கடை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்தப் பழைய இசைத்தட்டுக் கடைக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். "பார்த்துப் பிடிங்க தம்பி, இது அரக்கு, விழுந்தா உடைஞ்சிடும்" என்று சொல்லித்தான் கடைக்கார அங்கிள் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டைக் கையில் கொடுத்தார். அரக்குப் பூச்சியின் பிசினோடு கல்தூளும் கரியும் கலந்து, சூட்டோடு உலோக அச்சில் அழுத்திச் செய்தது, ஒரு பக்கம் 3, 4 நிமிடம்தான் பாடும். 1948இல் வினைல் என்ற பிளாஸ்டிக்கில் எல்பி எனும் நெடுநேரத் தட்டு வந்த பிறகுதான் பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அவர் தந்த பூதக்கண்ணாடியில் பார்த்தேன், சத்தம் கூடும் இடத்தில் தட்டில் ஓடும் மெல்லிய பள்ளம் பாம்பு போல நெளிகிறது, அதுதான் குரலே! உறைகளில் லேசான பூஞ்சை வாடை, ஆனால் தட்டுகள் சுத்தம். அப்புறம், வாங்கும் முன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் போடுகிறார்.