மாடித்தோட்டத்துக்கு வாங்கிய சொட்டுநீர் கிட்: எட்டு மாதம் கழித்து

மேடவாக்கத்தில் எங்கள் வீடு. மொட்டைமாடியில் 40 பைகளில் கத்தரி, வெண்டை, தக்காளி, மணத்தக்காளி. ஓரத்தில் ஒரு டிரம்மில் கறிவேப்பிலை. போர் தண்ணீர் மார்ச்சோடு கீழே போய்விடும், அப்புறம் லாரிதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது என்னிடம் 11 செடித்தொட்டிகள் இருந்தன. காசு கொடுத்து வாங்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனசு வரவில்லை. அத்தனையும் என் கண் முன்னால் காய்ந்தன. இனி ஒரு கோடையில் அப்படி விடக்கூடாது என்றுதான் பிப்ரவரியில் இந்தக் கிட்டை வாங்கினேன்.

டைமரோடு சேர்த்து 3,400 ரூபாய். பை வரிசையோடு ஓடும் 16 மி.மீ. கறுப்பு லேட்டரல் குழாய் 20 மீட்டர், அதிலிருந்து ஒவ்வொரு பைக்கும் பிரியும் 4 மி.மீ. மைக்ரோ டியூப், தண்ணீர் சொட்டும் வாயான, திருகிக் கூட்டிக் குறைக்கிற டிரிப்பர் 50, ஒரு ஃபில்டர், ஓட்டை போடும் பஞ்ச், மூடிகள். குழாய் நல்ல தரம். சுருண்டு வந்ததை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டேன், நேராகிவிட்டது. மைக்ரோ டியூபை டிரிப்பரில் செருகத்தான் விரல் வலித்தது. நுனியை வெந்நீரில் பத்து நொடி முக்கி எடுத்தால் வெண்ணெய் மாதிரி ஏறுகிறது. கையேட்டில் இதைச் சொல்லவில்லை, என் மாமியார் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை முடிந்தது.

பிரச்சினை டைமரில். எங்கள் தண்ணீர்த் தொட்டி மாடித் தரையிலிருந்து நாலடி உயரத்தில்தான் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். நாலடிக்கு எவ்வளவு கிடைத்துவிடும்? கிட்டில் வந்தது சோலனாய்டு டைமர், அதாவது மின்காந்தத்தால் வால்வைத் திறப்பது. அது திறக்கவே ஓரளவு அழுத்தம் வேண்டும். பெட்டியில் 'எல்லா வீட்டுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தார்கள். போன் செய்தால் பம்பு ஒன்று வாங்கி மாட்டச் சொன்னார்கள். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்கவும் மாட்டோம் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. தொட்டித் தண்ணீரை நம்பி இருக்கிறவர்கள், உள்ளே பால் வால்வு (துளையுள்ள உருண்டை திரும்பித் திறக்கும் ball valve) வைத்த டைமரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் டைமரே வேண்டாம். நான் இப்போது கையால்தான் வால்வைத் திறக்கிறேன், மறக்காமல் இருக்க போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.

அடுத்தது டிரிப்பர். முதல் நாள் தொட்டிக்குப் பக்கத்துப் பைகள் நனைந்து வழிந்தன, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இருந்தவை காய்ந்தே கிடந்தன. சரி, அளந்து பார்த்துவிடலாம் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் முதல் டிரிப்பரில் 450 மி.லி., கடைசியில் 150. கோடியில் மூடி போட்டிருந்த குழாயை நீட்டி, தொட்டிப் பக்கமே கொண்டுவந்து ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு வளையமாக இணைத்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் வர ஆரம்பித்ததும் வித்தியாசம் பெருமளவு குறைந்துவிட்டது. மிச்சத்தை டிரிப்பரைத் திருகிச் சரிசெய்தேன். இப்போது எல்லாவற்றிலும் சுமார் 350 மி.லி. கிடைக்கிறது. இந்த டம்ளர் வேலையை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள்.

மிச்சமாகிற கணக்கு இதுதான். முன்பு ஓஸ் பிடித்து ஊற்ற 12 நிமிடம் ஆகும். அதே ஓஸில் 20 லிட்டர் வாளி 80 நொடியில் நிரம்புகிறது. ஆக ஒரு நாளைக்கு 180 லிட்டர், அதில் பாதி பையின் அடியில் வழிந்து மாடியை நனைத்ததுதான். இப்போது கத்திரி வெயிலில்கூட காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. ஒரு பைக்கு 1.4 லிட்டர், 40 பைக்கு 56 லிட்டர். கறிவேப்பிலைக்கு அரிசி கழுவிய தண்ணீர் போதும். (அதை டிரிப்பில் மட்டும் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.) 100 நாளில் 12,000 லிட்டருக்கு மேல் மிச்சம், அதாவது ஒரு முழு லாரித் தண்ணீர். மே மாதம் பைகளுக்கு மேல் காய்ந்த இலைகளை மூன்று விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்ட பிறகு மாலை நேரத்துத் தண்ணீரைப் பல நாள் நிறுத்தியே வைத்தேன்.

பராமரிப்பு உண்டு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. மூன்றே வாரத்தில் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை கழற்றி, தண்ணீர் கலந்த வினிகரில் ராத்திரி ஊறவைத்துக் கழுவுகிறேன். ஃபில்டரை வாரம் ஒருமுறை அலச வேண்டும். அணில் இரண்டு இடத்தில் மைக்ரோ டியூபைக் கடித்துவிட்டது. பக்கத்திலேயே ஒரு தட்டில் தண்ணீர் வைத்தேன், அதற்குப் பிறகு கடிக்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குறைத்த ஒன்றரையும் டைமருக்கும் பெட்டியில் போட்டிருந்த அந்த வார்த்தைக்கும். என் தங்கைக்கும் இதே மாதிரி அமைக்கப்போகிறோம். அவளுக்குக் கிட் வாங்கவில்லை, சொட்டுநீர்ச் சாமான் விற்கும் கடையில் குழாயை மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். டம்ளரை நான் எடுத்துப் போகிறேன்.